சுக்லாஜிக்கு ஒரு வாக்கியம்

"நீங்கள் இறந்துவிட்டதாக நான்தான் சொல்லியிருக்கிறேன்," என்றாள் வினீதா.

"படித்தேன்," என்றார் கஜாதர் சுக்லா. "உள்ளே வா. வெயில்."

கான்பூரில் மே மாதம். காலையிலேயே காற்று அடுப்பிலிருந்து கிளம்பி வருவதுபோல் வரும். மூடிப்போன மில்லுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஒரு மாடி அறை, அதில் தனியாக சுக்லா. இந்தி எழுத்தாளர், பத்திரிகையாளர். எழுபத்து நான்கு வயது.

வினீதா கட்டியாருக்கு ஐம்பத்தொன்று. அவளும் இந்தி எழுத்தாளர், பத்திரிகையாளர்தான். அவருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை குருஜி என்றுதான் கூப்பிடுகிறாள்.

அவள் உள்ளே வரவில்லை. கையில் அன்றைய பத்திரிகையோடு வாசலில் நின்றாள்.

"திட்டுங்கள்," என்றாள்.

"முதலில் தண்ணீர் குடி."

பானையிலிருந்து மொண்டு கொடுத்தார். நின்றபடியே குடித்தாள்.

"எப்படி ஆச்சு?"

"நேற்று சாயங்காலம் போன். பத்திரிகை ஆபீஸிலிருந்து. 'சுக்லாஜி காலமாகிவிட்டார், உங்கள் கருத்து வேண்டும்' என்றார்கள். பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருந்தேன். 'என் பேரில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்."

"எந்த சுக்லா என்று கேட்கவில்லையா?"

"இல்லை."

"இந்த ஊரில் ஒரு கல்லை எறிந்தால் அது ஒரு சுக்லா மேல்தான் விழும்."

"தெரியும்."

"தெரிந்துமா கேட்கவில்லை?"

அவள் காலி டம்ளரை நீட்டினாள்.

செத்தவர் பெயரும் கஜாதர் சுக்லாதான். பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கங்கைக் கரையில் அவரை எரித்து முடித்த பிறகு நிருபரின் காதுக்குப் பெயர் மட்டும் வந்து சேர்ந்தது. நிருபர் வினீதாவைக் கூப்பிட்டார். வினீதா மறுக்கவில்லை. முதன்மைச் சீடரே மறுக்கவில்லை என்றால் மற்றவர்கள் எதற்காகச் சந்தேகப்படப் போகிறார்கள்? விடிந்தபோது ஊர் நம்பியிருந்தது.

அந்த ஊர் எழுத்தாளர்களிடம் அப்படி ஒரு பழக்கம் உண்டு. யாராவது இறந்தால் பத்திரிகைகள் பெரிய மனிதர்களிடம் கருத்துக் கேட்கும். பெரிய மனிதர்கள், 'என் பேரில் ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்' என்பார்கள். நிருபர் போட்டுக்கொள்வார். தங்களுடைய கருத்து என்ன என்பதை அவர்கள் மறுநாள் காசு கொடுத்து வாங்கித் தெரிந்துகொள்வார்கள்.

சுக்லா மூக்குக் கண்ணாடியைப் பனியன் நுனியில் துடைத்தார். பத்திரிகையை அவள் கையிலிருந்து வாங்கி உரக்கப் படித்தார்.

"'குருஜியின் மறைவால் இந்தி இதழியல் தன் கலங்கரை விளக்கத்தை இழந்து தவிக்கிறது.'"

நிமிர்ந்தார்.

"கான்பூரில் கடல் எங்கே இருக்கிறது, வினீதா?"

"அது நான் சொன்னது இல்லை."

"உன் பேர் போட்டிருக்கிறது."

"பேர் மட்டும்தான் என்னுடையது."

"போன மாதம் அந்த கஜல் கவிஞர் போனாரே, அவருக்கு என்ன சொன்னாய்?"

"இதேதான்."

"அவரும் கலங்கரை விளக்கமா?"

"எல்லாருமே, குருஜி."

"இத்தனை விளக்கு," என்றார் சுக்லா. "ஒரு கப்பலையும் காணோம்."

அவள் சிரிக்கவில்லை. கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"வீட்டுக்கு யாரும் வரவில்லையா? மாலை, கீலை எடுத்துக்கொண்டு?"

"வீடு யாருக்குத் தெரியும்? பூனாவிலிருந்து மகன் மட்டும் போன் பண்ணினான். நானே எடுத்தேன். உயிரோடு இருப்பதை நம்பிவிட்டான்."

"நான் இப்போதே எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்." பையிலிருந்து போனை எடுத்தாள்.

"உள்ளே வை."

"ஏன்?"

"ஐந்து மணிக்கு எனக்கு இரங்கல் கூட்டம். ஏழாம் பக்கத்தில் இருக்கிறது, பார்க்கவில்லையா? சிறப்புப் பேச்சாளர் நீதான்."

"அதை நிறுத்தத்தானே போனை எடுத்தேன்."

"நிறுத்தாதே. போய்ப் பேசு. நானும் வருகிறேன்."

"விளையாடுகிறீர்களா?"

"இந்த வெயிலில் யாரால் விளையாட முடியும்?"

வினீதா போனைக் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு அதை மடியில் போட்டாள்.

"என்னால் முடியாது," என்றாள். "இருப்பதைச் சொல்கிறேன் கேளுங்கள். சேர்ந்தபோது எனக்குப் பெண்கள் பக்கம் கொடுத்தார்கள். ஊறுகாய் போடுவது எப்படி என்று எழுதினேன். பிறகு ஞாயிறு மலர். அதில் இலக்கியத்துக்கு நான்கு பக்கம் இருந்தது, இரண்டானது, ஒன்றானது, அந்த ஒன்றிலும் இப்போது கோச்சிங் சென்டர் விளம்பரம். இடையில் நாவல் எழுதினேன். யார் படித்தார்கள்? இப்போது யாராவது செத்தால்தான் என் நம்பர் ஞாபகம் வருகிறது. இரங்கல் சொல்கிற ஆள் நான். அதையும் நான் சொல்வதில்லை, அவர்களே எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. பேனாவைத் தொட்டே எத்தனையோ மாதம் ஆகிறது. தொட்டால் கலங்கரை விளக்கம்தான் வருகிறது."

"ம்."

"ம் என்றால்?"

"ம் என்றால் கேட்டேன் என்று அர்த்தம்."

"பதில் இல்லையா? எப்போதும் ஒரு பதில் வைத்திருப்பீர்களே."

"செத்தவனிடம் இவ்வளவு கறாராகப் பேசக் கூடாது," என்றார் சுக்லா.

அவர் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கூலர் ஓடியது. ஓடியதே தவிர, குளிரவில்லை.

"ஒரு வாக்கியம்," என்றார், கண்ணைத் திறக்காமல். "என்னைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். வேறு எந்தச் செத்தவனுக்கும் பொருந்தாதது. மேடையில் அதைச் சொல்."

"சொன்னால்?"

"திரும்பி வந்துவிடுகிறேன்."

"சொல்லாவிட்டால்?"

"இப்படியே இருந்துவிடுகிறேன். சௌகரியமாகத்தான் இருக்கிறது. காலையிலிருந்து ஒருவனும் முன்னுரை கேட்கவில்லை."

"இது நியாயம் இல்லை, குருஜி. என் தப்பைத் திருத்திக்கொள்ள விடமாட்டேன் என்கிறீர்கள்."

"எது தப்பு? நான் உயிரோடு இருப்பதைச் சொல்லாததா?"

"வேறு என்ன?"

அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"என்னிடம் சொல்லாமல் வைத்திருக்கிறது ஏதாவது உண்டா?"

"அப்படி ஒன்றும் இல்லை."

"இல்லையா?"

"இல்லை."

"சரி," என்றார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

*

ஐந்து மணிக் கூட்டம் ஆறரைக்குத் தொடங்கியது. தொகுதி எம்.எல்.ஏ. அப்போதுதான் வந்தார்.

மேடை நடுவில் ஒரு நாற்காலியில் சுக்லாவின் போட்டோ. கறுத்த மீசை, அடர்ந்த முடி. எந்தக் காலத்துப் படமோ. அதற்குச் சாமந்தி மாலை. இரு பக்கமும் ஊதுவத்தி.

கடைசி வரிசையில், கட்டம் போட்ட துண்டால் தலையையும் முகத்தையும் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். அனல்காற்று வீசும் மாதத்தில் பாதி ஊர் அப்படித்தான் நடமாடும். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வரிசை, கூட்டம் நடத்தும் இலக்கியச் சமிதியின் உறுப்பினர்களுக்கு என்று சொல்லி ஒருமுறை எழுப்பினார்கள். பிறகு உறுப்பினர்கள் அவ்வளவு பேர் வராததால் உட்கார விட்டுவிட்டார்கள்.

சமிதிச் செயலாளர் பதௌரியா எல்லாரையும் வரவேற்றார். சோகமாக வரவேற்றார்.

முதலில் ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர் பேசினார். "இருபது நாவல்கள் படைத்த அந்தக் கை இன்று ஓய்ந்துவிட்டது," என்றார்.

சுக்லா எழுதியது இரண்டு நாவல். அதில் ஒன்றுக்கு இதே பேராசிரியர் மதிப்புரை எழுதியிருக்கிறார்.

"ஆனால் நாவல்களை விடுங்கள்," என்றார் பேராசிரியர். "ராம்துலாரி கட்டுரை. அந்த மில் தொழிலாளியின் விதவையைப் பற்றி அவர் எழுதிய அந்த ஒரே கட்டுரை போதும். டெல்லியையே உலுக்கிய எழுத்து."

மேடையில் இருந்த வினீதா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

அடுத்து எம்.எல்.ஏ. "ஏழை விவசாயி வீட்டில் பிறந்து தெருவிளக்கில் படித்தவர்," என்றார்.

சுக்லாவின் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். வீட்டில் விளக்கு இருந்தது. படிக்கத்தான் மகனுக்கு விருப்பம் இல்லை.

"நெருக்கடி நிலையில் சிறை சென்றவர்," என்றார்.

நெருக்கடி நிலையில் அவர் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பிறகு சுக்லா வேலை பார்த்த பத்திரிகையின் முதலாளி அனுப்பிய ஆள். "எங்கள் குடும்பத்தின் மூத்த மகன்," என்றார். ஒரு நாள் வேலைக்கு வந்த மூத்த மகனிடம் வாசலிலேயே அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பிய குடும்பம் அது. அதன் பிறகு சுக்லா பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகங்கள் எழுதித்தான் சாப்பிட்டார். அதை யாரும் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வார்கள்.

நாவலாசிரியர் ஒருவர் அழுதே விட்டார். "ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள்," என்றார். இருவரும் பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஆனால் அழுகை நிஜம். அதுதான் கஷ்டம். அங்கே யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை.

விளக்கு என்றார்கள். தூண் என்றார்கள். ஆலமரம் என்றார்கள். ஈடு செய்ய முடியாது என்பதை எல்லாருமே சொன்னார்கள்.

கடைசி வரிசையில் அந்தத் துண்டு அசையவில்லை. பேசியவர்களை ஒருமுறைகூடத் திருத்தவில்லை. வினீதா மேடையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் மெல்ல மூடுவதுபோல் இருந்தது. அவ்வளவு தூரத்தில் சரியாகத் தெரியவில்லை.

பதௌரியா மைக்கைப் பிடித்தார்.

"துயரமான இந்த நேரத்தில் ஒரு நல்ல செய்தி. சுக்லாஜி பெயரில் நம் சமிதி வருஷாவருஷம் ஒரு விருது வழங்கப் போகிறது. சால்வை, தேங்காய், பாராட்டுப் பத்திரம். முதல் விருது அவருடைய முதன்மைச் சீடர் வினீதா கட்டியார்ஜிக்கு."

கைதட்டினார்கள். இரங்கல் கூட்டம் என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்தினார்கள்.

"இப்போது வினீதாஜி பேசுவார்."

அவள் எழுந்தாள். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து எழுதிய தாள் கையில் இருந்தது. மைக் முன்னால் நின்று அதைப் பிரித்தாள்.

"இந்தி இதழியலின்..." என்று ஆரம்பித்தாள்.

நிறுத்தினாள்.

பதௌரியா பின்னாலிருந்து, "தண்ணீர் வேண்டுமா தீதி?" என்றார்.

"வேண்டாம்."

தாளை மடித்தாள்.

"எனக்கு அவரைப் பற்றி ஒன்று தெரியும்," என்றாள். "அதை யாரிடமும் சொன்னதில்லை. இன்று காலையில்கூட, அப்படி ஒன்றும் இல்லை என்று பொய் சொல்லிவிட்டு வந்தேன்."

யாரிடம் என்று யாரும் கேட்கவில்லை.

"மில் மூடிய வருஷம். எனக்கு இருபத்து நான்கு வயது. ஊறுகாய்க் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அவர்தான் என்னைக் கூப்பிட்டு ராம்துலாரி வீட்டுக்கு அனுப்பினார். 'அவளோடு போய் உட்கார், அவசரப்படாதே' என்றார். போனேன். அவள் கோதுமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள், நானும் கூட உட்கார்ந்து கல் பொறுக்கினேன். அன்று ஒன்றும் பேசவில்லை. மறுபடி போனேன். மறுபடியும் போனேன். ஒரு நாள் அவளே சொன்னாள். புருஷன் காய்ச்சலில் சாகவில்லை, மூடின மில்லுக்குள் சுவர் ஏறிக் குதித்து, தன் தறிக்குப் பக்கத்திலேயே தூக்குப் போட்டுக்கொண்டான் என்று. எழுதிக்கொண்டு வந்து கொடுத்தேன். முதல் பக்கத்தில் வந்தது."

பேராசிரியர் தலையாட்டுவதை நிறுத்தினார்.

"ஒரு வரி மாறவில்லை. என் வரிகள். மேலே கஜாதர் சுக்லா என்று இருந்தது."

மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"கேட்பதற்காக அவர் மேஜைக்குப் போனேன். 'சாப்பிட்டாயா?' என்றார். 'சாப்பிட்டேன்' என்றேன். திரும்பி வந்துவிட்டேன். சாப்பிட்டிருக்கவும் இல்லை. அதற்கு அப்புறம் ஒவ்வொரு குரு பூர்ணிமாவுக்கும் அவர் காலைத் தொட்டிருக்கிறேன். தொடுகிற ஒவ்வொரு தடவையும் இதுதான் ஞாபகம். அவர் நல்லவர் என்பதும் எனக்குத் தெரியும். இன்றைக்குப் பேசியவர்கள் எல்லாரையும்விட அதிகமாகத் தெரியும். வாக்கியம் எப்படி எழுத வேண்டும் என்று அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். அதனால்தான் எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

நிமிர்ந்தாள். போட்டோவைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"ஏன் குருஜி? என் பேரை ஏன் எடுத்தீர்கள்?"

அவளுடைய குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஆனாலும் முன்வரிசையில் ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதௌரியா பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார்.

"துயரம் தாங்காமல் பேசிவிட்டார். 'ஏன் குருஜி?' நம் எல்லாருடைய மனதிலும் இருக்கிற கேள்விதான் அது. ஏன் குருஜி, எங்களை விட்டு இவ்வளவு சீக்கிரம் ஏன் போனீர்கள்? அன்னாரின் ஆன்மா சாந்தியடைய அனைவரும் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌனம் அனுசரிப்போம்."

அனைவரும் எழுந்தார்கள். தலைகள் குனிந்தன. வினீதா மட்டும் குனியவில்லை.

வெளியே ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. எம்.எல்.ஏ. ஓரக்கண்ணால் வாட்சைப் பார்த்தார்.

இரண்டு நிமிடம் ஆவதற்குள்ளேயே பதௌரியா "ஓம் சாந்தி" என்றார். நாற்காலிகள் கிறீச்சிட எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

கடைசி வரிசைக் கிழவர் உட்காரவில்லை. நின்றபடி முகத்திலிருந்து துண்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரே," என்றார் பதௌரியா மைக்கில். "முடிந்துவிட்டது. உட்காருங்கள்."

"எப்படி உட்காருவது?" என்றார் அவர். "என்னைக் கேட்டிருக்கிறாள். பதில் சொல்ல வேண்டாமா?"